கீபோர்டை நம்ம பக்கம் கொண்டுவந்தவர் – ஆர்.கே. சேகர்



போன ஆடி மாசம் எங்க குப்பத்து அம்மன் கோவில் திருவிழாவுல இன்னிசைக் கச்சேரி வெச்சாங்க. மேடையில இருந்தது மொத்தம் ஆறே பேர். ஆனா காதுல கேட்டது ஐம்பது பேர் வாசிக்கிற மாதிரி. வயலின் சத்தம் வருது, வயலினைக் காணோம். புல்லாங்குழல் கேட்குது, ஊதுற ஆளைக் காணோம். எல்லாத்தையும் ஓரமா நின்னுக்கிட்டிருந்த ஒரு அண்ணன், இஸ்திரி மேசை மாதிரி ஒரு ஸ்டாண்டு மேல வெச்ச நீளமான பெட்டியிலிருந்து எடுத்து விட்டுக்கிட்டிருந்தார். நான் பாடுறவங்களைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெட்டியையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

நடுவுல ஜெனரேட்டர் நின்னுபோச்சு. தபேலா மட்டும் இருட்டுல தனியா கேட்டுச்சு. அந்த ஐம்பது பேரும் ஒரே நொடியில காணாமப் போயிட்டாங்க!

இந்தப் பெட்டியை முதல்ல யார் கண்டுபிடிச்சாங்க, நம்ம பக்கம் யார் கொண்டுவந்தாங்கன்னு அன்னைக்கே எனக்கு ஒரு கேள்வி வந்தது. இயற்பியல் ஆசிரியரைக் கேட்டேன். அவர் பாதி சொன்னார், மீதியை நானே தேடிப் படிக்கச் சொன்னார். அப்படித் தேடும்போது கிடைத்த பெயர்தான் ஆர்.கே. சேகர்.

இவர் யார்னு கேட்டா நம்ம வகுப்புல யாருக்கும் தெரியல. ஏ.ஆர். ரஹ்மானோட அப்பான்னு சொன்னதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. அதைவிட எனக்கு ஆச்சரியமா இருந்தது வேற. அவர் பிறந்தது கீழானூர். இப்போ அது நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கு. எளாவூர் ஸ்டேஷன்ல ஏறி, சென்னையில வண்டி மாறி, திருவள்ளூர் போய் இறங்கினா பக்கம்தான்.

1933ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி அவர் பிறந்தார். அப்போ இது செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997இல்தான். அவருடைய முழுப்பெயர் ராஜகோபால குலசேகரன். சினிமாவுக்காக அது சுருங்கி ஆர்.கே. சேகர் ஆனது.

அவர் தமிழர். ஆனால் பெயர் வாங்கியது மலையாளப் படங்களில். இது எப்படின்னு முதல்ல எனக்குப் புரியல. அந்தக் காலத்துல தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் நாலு மொழிப் படங்களுக்கும் மெட்ராஸ்தான் தலைநகரம். கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கத்துல ஸ்டூடியோக்கள் வரிசையா இருந்தன. மலையாளப் பாட்டுப் பதிவுகளும் பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். ஒரே வயலின்காரர் காலையில் தமிழுக்கும் மதியம் மலையாளத்துக்கும் வாசிப்பார். வீட்டுல தெலுங்கும் பள்ளிக்கூடத்துல தமிழும் பேசுற நம்ம ஊர்ப் பசங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்லை.

1964இல் பழசிராஜா என்ற மலையாளப் படம் வந்தது. வயநாட்டுக் காட்டில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட கேரள மன்னரின் கதை. குஞ்சாக்கோ இயக்கினார், வயலார் ராமவர்மா பாடல் எழுதினார். சேகர் இசையமைத்தார். அதில் யேசுதாஸ் பாடிய ஒரு தத்துவப் பாட்டு, தொட்டில்ல தொடங்கிச் சுடுகாடு வரைக்கும் போற மனுஷ வாழ்க்கையைப் பத்தினது, கேரளா முழுக்கப் பரவியது. அப்போ சேகருக்கு வயது 31.

முதல் பாட்டே இவ்வளவு ஹிட் ஆனா அடுத்து வரிசையா படம் வந்திருக்கும்னுதானே நினைப்பீங்க? அப்படி நடக்கல. அடுத்த சில வருஷங்கள் அவர் பெரும்பாலும் மற்ற இசையமைப்பாளர்களின் பாட்டுகளுக்கே உழைத்தார். மறுபடி 1970களின் தொடக்கத்தில்தான் அவருக்குச் சொந்தமாகப் படங்கள் வர ஆரம்பித்தன. மொத்தம் 20க்கும் மேற்பட்ட மலையாளப் படங்களுக்கு இசையமைத்தார். மற்றவர்களுக்காக அவர் வேலை செய்த படங்கள் 100க்கும் மேல் என்கிறார்கள்.

மற்றவர்களுக்காக என்றால் என்ன வேலை? இதை நான் கொஞ்சம் விளக்கி எழுதியே ஆகணும். ஏன்னா நாம பாட்டு கேட்கும்போது பாடினவர் பேரும், இசையமைத்தவர் பேரும்தான் நமக்குத் தெரியும். நடுவுல இருக்கிற ஆள் நமக்குத் தெரியவே தெரியாது.

இசையமைப்பாளர் ஆர்மோனியத்துல ஒரு மெட்டு போட்டுப் பாடிக் காட்டுவார். அது ஒரு ஒற்றைக் கோடு மாதிரி. அதுக்கு முன்னாடி என்ன இசை வரணும், சரணத்துக்கு நடுவுல எது வரணும், எங்க வயலின், எங்க புல்லாங்குழல், எங்க எல்லாரும் சேர்ந்து, எங்க சும்மா இருக்கணும், இதையெல்லாம் நொட்டேஷனா எழுதி ஒவ்வொரு கலைஞருக்கும் தாள் கொடுக்கணும். இவர்தான் அரேஞ்சர். பதிவின்போது எல்லாருக்கும் முன்னாடி நின்னு கையசைச்சு நடத்துறவர் கண்டக்டர். (பஸ் கண்டக்டர் இல்லைங்க!) சேகர் இந்த இரண்டு வேலையையும் செய்தார்.

அந்தக் காலப் பதிவில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில் வாசிக்கணும். இப்போ மாதிரி தனித்தனியா பதிவு செஞ்சு ஒட்டுற வசதி கிடையாது. கடைசி வரியில ஒருத்தர் தப்பா வாசிச்சா மறுபடி முதல்லேர்ந்து. ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும். அதனால நல்ல அரேஞ்சர் கிடைக்கிறது ஒரு இசையமைப்பாளருக்குப் பெரிய வரம். கொச்சியில் நாடக மேடை ஆர்மோனியத்திலிருந்து வந்த எம்.கே. அர்ஜுனன் மாஸ்டர் 1968இல் கறுத்த பௌர்ணமி படத்தின் மூலம் சினிமாவுக்கு வந்தபோது, பக்கத்துல துணையா நின்றவர் சேகர். இந்த அர்ஜுனன் மாஸ்டர் பெயரை நினைவுல வெச்சுக்குங்க, பின்னாடி வருவார்.

இனிமே பெட்டிக்கு வருவோம்.

நம்ம வீட்டு ரேடியோவுல ஸ்டேஷன் மாத்தும்போது கூய்ன்னு ஒரு விசில் சத்தம் வரும், கவனிச்சிருக்கீங்களா? எங்க தாத்தா படகுல ட்ரான்சிஸ்டர் வெச்சு வானிலைச் செய்தி கேட்பார். திருப்பித் திருப்பி அந்த விசிலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழக்கம். எலக்ட்ரானிக் இசைக்கருவியோட விதை அந்த விசில்தான். காதால கேட்க முடியாத வேகத்துல துடிக்கிற இரண்டு மின் அலைகள் ஒண்ணா சேரும்போது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சத்தமா கேட்கும். ஒண்ணு நொடிக்கு 1,00,000 தடவை, இன்னொண்ணு 1,00,440 தடவை துடிச்சா நாம கேட்கிறது 440. உலகம் முழுக்க வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்க வெச்சிருக்கிற அளவும் இதே 440தான்.

1920 வாக்கில் ரஷ்யாவில் லியோன் தெரமின் என்ற இளம் விஞ்ஞானி இதை வெச்சே ஒரு கருவி செய்தார். அதைத் தொடவே வேண்டாம். ஆண்டெனா பக்கத்துல கையைக் காத்துல ஆட்டினா போதும், பாட்டு வரும். 1922இல் லெனினுக்கே வாசிச்சுக் காட்டினார். அதுக்கும் முன்னாடி அமெரிக்காவில் தாடியஸ் கேஹில் என்பவர் ஜெனரேட்டர் மாதிரி சுழலும் சக்கரங்களால் இசை உண்டாக்கி, 1906இல் நியூயார்க்கில் டெலிபோன் கம்பி வழியா ஓட்டல்களுக்கு அனுப்பினார். அந்தக் கருவியோட எடை சுமார் 200 டன்! ஒரு ரயில் வேகனில்கூட ஏத்த முடியாது. பாட்டு டெலிபோன் லைன்ல கலந்து, பேசிக்கிட்டிருந்தவங்க தொல்லை தாங்காம சண்டைக்கு வந்தாங்களாம்.

இந்த 200 டன்னைச் சின்னதாக்கியது ரேடியோ வால்வு. 1947இல் பிரான்ஸில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்பவர் கிளாவியோலின் என்ற கருவியைச் செய்தார். ஒரு ஆள் தூக்கிட்டுப் போகலாம். ஆர்மோனியத்துல காத்து போய் ரீடை ஆட்டுறதால சத்தம் வருது. கிளாவியோலின்ல எதுவும் ஆடாது. வால்வு சர்க்யூட்டுல மின்சாரம்தான் துடிக்கும். கட்டையை அழுத்தினா சர்க்யூட்டுல அளவு மாறும், துடிப்பின் வேகம் மாறும், ஸ்வரம் மாறும். கடைசியா ஸ்பீக்கர்ல இருக்கிற காகிதக் கூம்பு மட்டும்தான் ஆடும். ஒரு குறை உண்டு. ஒரு நேரத்துல ஒரு ஸ்வரம்தான் வரும். ஆர்மோனியத்துல மூணு கட்டையைச் சேர்த்து அமுக்குற மாதிரி இதுல முடியாது.

இந்தக் கருவி இந்தியாவுக்கு வந்து செய்த வேடிக்கை 1954இல் வந்த நாகின் என்ற இந்திப் படம். இசை ஹேமந்த் குமார். அதுல வர்ற மகுடி இசையை நாடே கேட்டு மயங்கியது. பாம்பாட்டி மகுடின்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆனா அதை வாசிச்சது கிளாவியோலினில் கல்யாண்ஜியும், கூடவே ஆர்மோனியத்தில் ரவியும். இருவருமே பின்னாளில் பெரிய இசையமைப்பாளர்கள் ஆனார்கள். இன்னைக்கும் நம்ம ஊர் பேண்டு செட்டுல நாகின் மகுடி வாசிச்சா சின்னப் பசங்க கையைப் படம் மாதிரி வெச்சு ஆடுறாங்க இல்லையா, அது மின்சாரப் பாம்பு!

1964இல், அதாவது சேகரின் பழசிராஜா வந்த அதே வருஷம், அமெரிக்காவில் ராபர்ட் மூக் தன்னுடைய சிந்தசைசரை வெளியிட்டார். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. வெறும் ஸ்வரத்தை மட்டும் இல்லாம, சத்தத்தோட குணத்தையே குமிழைத் திருப்பி மாத்தலாம். கூர்மையாக்கலாம், மழுப்பலாம், மணி மாதிரி அடிச்சு ஓய வைக்கலாம், சங்கு மாதிரி மெல்ல எழுப்பலாம்.

இதெல்லாம் வெளிநாட்டுச் செய்தி. சேகர் இதை மெட்ராஸில் இருந்துகொண்டே கவனித்தார். தென்னிந்தியாவில் இந்தக் கருவிகளை ஆரம்பத்திலேயே வரவழைத்துச் சினிமா இசைக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். அது சாதாரணக் காரியம் இல்லை. அப்போ வெளிநாட்டுச் சாமான் எதுவானாலும் இறக்குமதி லைசென்ஸ் வேணும், சுங்க வரி தலைக்கு மேல இருக்கும். வந்த பிறகு ஒரு வயர் விட்டுப்போனாலும் ரிப்பேர் செய்ய ஆள் கிடையாது. தான் சம்பாதித்ததில் பெரும்பகுதியை அவர் இப்படிக் கருவிகளாகவே மாற்றினார். நகை வாங்கியிருக்கலாம், நிலம் வாங்கியிருக்கலாம். பெட்டிகளை வாங்கினார். அவற்றைத் தன் பதிவுகளுக்கும் பயன்படுத்தினார், மற்றவர்களுக்கு வாடகைக்கும் கொடுத்தார்.

அவருக்கு ஒரு மகன், மூன்று மகள்கள். மகன் திலீப் 1967 ஜனவரி 6இல் பிறந்தான். நாலு வயசிலேயே ஆர்மோனியத்துல உட்கார்ந்து அப்பா போடுற மெட்டை வாசிப்பானாம். சுதர்சனம் மாஸ்டர் என்ற இசையமைப்பாளர் இதைப் பார்த்துட்டு, கட்டைகள் மேல ஒரு துணியைப் போட்டு மூடிட்டு வாசிக்கச் சொன்னாராம். துணி மேலேயே தப்பில்லாம வாசிச்சதாகச் சொல்வார்கள். அப்பாகூட ஸ்டூடியோவுக்குப் போவதும், வயர்களுக்கு நடுவுல உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும் அந்தப் பையனுக்கு வழக்கமானது. சேகர் காலையில் ஒரு ஸ்டூடியோ, மாலையில் ஒரு ஸ்டூடியோ என்று ஓய்வில்லாமல் ஓடினார்.

பிறகு உடல்நிலை கெட்டது. சிகிச்சை நீண்டது. சேமிப்பு கரைந்தது. 1976 செப்டம்பர் 30ஆம் தேதி சேகர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 43. திலீப்புக்கு 9.

அந்த வருஷம் வெளிவந்த சோட்டாணிக்கர அம்மா என்ற படத்தில் அவருடைய பாட்டுகள் மிகவும் பேசப்பட்டன. அவருக்கு நல்ல காலம் பிறக்கும்போது அவர் இல்லை.

வீட்டுல இப்போ என்ன இருக்கு? அம்மா கஸ்தூரி, நாலு குழந்தைங்க, கொஞ்சம் பெட்டிகள். அந்தக் கருவிகளை வித்துட்டுக் கிடைக்கிற பணத்தை வங்கியில போட்டு வட்டியில குடும்பத்தை நடத்தச் சொல்லிப் பலர் அறிவுரை சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். தனக்கு ஒரு மகன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

இந்த இடத்தைப் படிச்சப்போ எனக்கு எங்க சித்தி ஞாபகம் வந்தது. எங்க சித்தப்பா இறந்தப்போ, பதினாறாம் நாள் காரியம் முடியறதுக்குள்ள படகையும் வலையையும் விலைக்குக் கேட்டு ரெண்டு பேர் வந்துட்டாங்க. சித்தி கொடுக்கல. வேற ஆளுங்க கையில படகை விட்டாங்க. பிடிக்கிற மீன்ல ஆளுக்கு ஒரு பங்கு மாதிரி படகுக்கும் ஒரு பங்கு உண்டு, அது நம்ம கரையில எல்லாருக்கும் தெரியும். அந்தப் படகுப் பங்குலதான் எங்க அண்ணன் டிப்ளமோ முடிச்சார். பெட்டியானாலும் படகானாலும் வித்தா ஒரு தடவைதான் காசு. எங்க சித்தி கணக்கு அது. கஸ்தூரி அம்மா போட்ட கணக்கும் அதேதான்னு நினைக்கிறேன்.

கருவிகள் வாடகைக்குப் போய் வந்தன. அந்த வருமானம்தான் சோறு போட்டது. கல்லூரியில படிச்ச ஆளுங்ககூடத் தொடப் பயந்த அந்தக் குமிழ்களையும் சுவிட்சுகளையும் பையன் கத்துக்கிட்டான். கூடிய சீக்கிரம் பெட்டிக்கு மட்டும் இல்ல, வாசிக்கவும் அவனையே கூப்பிட்டாங்க. நினைவுல வெச்சுக்கச் சொன்னேனே, அந்த அர்ஜுனன் மாஸ்டர், தன் பழைய நண்பரின் மகனுக்குத் தன் குழுவில் கீபோர்டு வாசிக்க இடம் கொடுத்தார். 11 வயசுலேயே இளையராஜாவின் குழுவிலும் வாசித்தான். பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. (ஆசிரியர்களே, இதை நான் ஆதரிச்சு எழுதல. எனக்கும் இப்போ பதினொன்றுதான் என்பதால் அடிக்கோடு போட்டுப் படிச்சேன், அவ்வளவுதான்.) வயசுக்கு மீறின வேலை, பள்ளிக்கூடத்துப் பசங்களோட விளையாட நேரமில்லாத வாழ்க்கை. ரஹ்மான் ஆன பிறகு அவர் பேட்டிகளில் இதைப் பற்றி வருத்தமாகவே பேசியிருக்கிறார். அதனால இதைச் சாதனைக் கதையா மட்டும் சொல்ல எனக்கு மனசு வரல.

மீதி உங்களுக்கே தெரியும். 1992இல் ரோஜா, 2009இல் ஒரே மேடையில் இரண்டு ஆஸ்கார். அதைப் பற்றி ஏற்கெனவே நம்ம சுவர் இதழில் வேறொருவர் எழுதியிருக்கிறார், நான் திரும்ப எழுதப் போறதில்லை. ஒரு செய்தி மட்டும். அப்பா 1964இல் இசையமைத்த அதே பழசிராஜா கதை 2009இல் மறுபடியும் மலையாளத்தில் படமானது. அதுக்கு இசை இளையராஜா. 1964க்கும் 2009க்கும் நடுவுல எவ்வளவு மாறிப்போச்சுன்னு இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டா தெரியும். நான் கேட்டேன். பழையதுல பின்னாடி வயலின் கூட்டமும், தபேலாவும், பாடகரும் ஒரே அறையில் இருப்பது காதுக்கே தெரியுது.

கஸ்தூரி அம்மா பிறகு கரீமா பேகம் என்று பெயர் மாற்றிக்கொண்டார். 2020 டிசம்பர் 28ஆம் தேதி சென்னையில் காலமானார். அர்ஜுனன் மாஸ்டரும் அதே வருஷம் ஏப்ரலில் கொச்சியில் காலமானார்.

கச்சேரி முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி அந்தக் கீபோர்டு அண்ணன் வயர் சுத்திக்கிட்டிருக்கும்போது மெதுவா போய்ப் பேச்சுக் கொடுத்தேன். பெட்டி அவருடையது இல்லையாம். நாள் வாடகைக்கு எடுத்ததாம், விடியறதுக்குள்ள திருப்பிக் கொடுக்கணுமாம். ஜெனரேட்டர் நின்னப்போ பெட்டிக்கு ஏதாவது ஆயிருக்குமோன்னு அவர் ரொம்பப் பயந்துட்டார். எனக்கு ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பார்க்க அனுமதி கொடுத்தார். புல்லாங்குழல் வந்தது.

சேகர் இசையமைத்த பாட்டுகளை இப்போ போன்லயே தேடிக் கேட்கலாம். மலையாளம் புரியலைன்னாலும் பரவாயில்லை, பாடுறவரை விட்டுட்டு பின்னாடி வர்ற வாத்தியங்களை மட்டும் கேளுங்க. அவர் எழுதிக் கொடுத்த தாள்கள் அதுலதான் இருக்கு. அப்புறம், சார்ட் அட்டையில இடம் முடிஞ்சுபோச்சு. கடைசிப் பத்தியைச் சின்ன எழுத்துல எழுதியதுக்கு மன்னிக்கவும்.

– பதினொன்றாம் வகுப்பு மாணவன்